இதய நோயை நெஞ்சில் தேடாதீர்கள், முட்டிச் சிரங்கில் தேடுங்கள்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரிக்கு நர்ஸ் வேலைக்கோ டாக்டர் வேலைக்கோ பள்ளிக்கூட வேலைக்கோ வருகிற தமிழர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதன் தலைநகரான டார்வினில் ஓரிரு வாரம் இருந்துவிட்டு, சின்ன விமானத்தில் ஏறி, செம்மண் ஓடுதளத்தில் ஏதாவது ஒரு பூர்வகுடி ஊரில் இறங்குவார்கள். நானும் அப்படி இறங்கியவள்தான். கிளம்புவதற்கு முன்னால் போன் பண்ணி, "அக்கா, அங்கே ஹார்ட் பிரச்சினை அதிகமாமே, எதைப் படிச்சுட்டு வரணும்?" என்று கேட்பார்கள். பிரஷர், சுகர், கொழுப்பு, சிகரெட் என்று ஒரு பட்டியல் அவர்களிடம் தயாராக இருக்கும். பட்டியலில் தப்பே இல்லை, ஆனால் பாதிதான் அதில் இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் போகிறவர்கள் நல்ல மனசோடுதான் தவறு செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, குழந்தைகளின் சிரங்கைச் சின்ன விஷயமாக நினைப்பது. ஸ்ட்ரெப் ஏ என்று ஒரு பாக்டீரியா. தொண்டையிலும் புண் உண்டாக்கும், தோலிலும் சிரங்கு உண்டாக்கும். அதை எதிர்க்கக் கிளம்புகிற உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சில குழந்தைகளுக்குக் குறி தப்பி, மூட்டையும் இதய வால்வையும் தாக்க ஆரம்பித்துவிடும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். காய்ச்சல் போய்விடும், மூட்டுவலியும் போய்விடும், ஆனால் வால்வில் விழுந்த தழும்பு போகாது. திரும்பத் திரும்ப வந்தால் வால்வு ஒழுகும், அல்லது இறுகிப்போகும். அப்புறம் அறுவைச் சிகிச்சைக்காக அடிலெய்டுக்கோ மெல்பர்னுக்கோ பறக்க வேண்டும், சில குழந்தைகளுக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்காது. நம் ஊரில் மூத்த தலைமுறையில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெனிடியூர் என்ற பென்சிலின் ஊசி போட்டுக்கொண்ட அக்காவோ சித்தப்பாவோ பல வீடுகளில் இருந்திருப்பார்கள். அதே நோய்தான். ஆஸ்திரேலியாவின் மற்ற மக்களிடம் அநேகமாக ஒழிந்தே போன இந்த நோய், அதே நாட்டின் பூர்வகுடிக் குழந்தைகளிடம் இன்னமும் இருக்கிறது. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறுவதில்லை.

அடுத்த தவறை நானே செய்தேன். வந்த புதிதில் ஒரு பாட்டி ஆறு வயதுப் பேரனைக் கூட்டிவந்தார். கால் முழுக்கச் சிரங்கு, சிலது காய்ந்து கறுத்திருந்தது, சிலது தேன் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. மருந்து கொடுத்துவிட்டு, தினமும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள், படுக்கைத் துணியைத் துவைத்துப் போடுங்கள் என்று பாடம் நடத்தினேன். பாட்டி தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் அதே பையன், அதே சிரங்கு. "சொன்னதைச் செய்யவே இல்லை போலிருக்கு" என்று நான் முணுமுணுத்தது, எங்கள் கிளினிக்கில் வேலை பார்த்த அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளர் காதில் விழுந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை. வண்டியில் ஏறச் சொன்னார், நேராக அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். குளியலறையில் ஷவர் இருந்தது, திருகினால் திருகு மட்டும் சுற்றியது. கீழே தண்ணீர் போகிற வாய் அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. வாஷிங் மெஷின் வராந்தாவில் கிடந்தது, அதில் மாட்டக் குழாய் இல்லை. மூன்று அறை வீட்டில் அன்றைக்குப் படுத்தவர்கள் 14 பேர். பழுதுபார்க்கச் சொல்லிப் பாட்டி போன் பண்ணி நான்கு மாதம் ஆகியிருந்தது. நான் குளிப்பாட்டச் சொன்னபோது அவர் இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கலாம். நான் கேட்கவே இல்லையே.

வீடு சரியில்லாமல் நோய் தீராது என்பதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. 1985-ல், தெற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் அனங்கு என்ற பூர்வகுடி மக்களே நடத்திய சுகாதார அமைப்பின் தலைவராக இருந்த யாமி லெஸ்டர், ஒரு டாக்டர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் ஆள் என்று மூன்று பேரைக் கூப்பிட்டு, ஜனங்கள் நோயில் விழுவதையே நிறுத்த வழி பாருங்கள் என்றார். 1987-ல் வந்த அவர்கள் அறிக்கை, வீட்டில் சாத்தியமாக இருக்க வேண்டிய ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தியது. முதலாவது, குழந்தைகளைக் குளிப்பாட்ட முடிய வேண்டும். இரண்டாவது, துணியும் படுக்கையும் துவைக்க முடிய வேண்டும். மூன்றாவது, கழிவுநீர் வெளியே போக வேண்டும். வீடுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் அந்த வேலை பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவியது. வீட்டில் இருப்பவர்கள் உடைத்ததால் கெட்டுப்போனவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலும் பராமரிப்பே இல்லாமல் விட்டதும், முதலிலேயே மோசமாகக் கட்டியதும்தான் காரணம் என்று பார்த்தார்கள். ஆகவே, குளிக்கச் சொல்வதற்கு முன்னால் ஷவரில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் பழுதுக்கான புகாரை உங்கள் பெயரிலும் எழுதிப் போடுங்கள், விடாமல் துரத்துங்கள். அதுவும் இதய சிகிச்சைதான்.

மூட்டுவலியை விளையாட்டில் பட்ட அடி என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. வாத்தியார் வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் 5 வயதிலிருந்து 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் ருமாட்டிக் காய்ச்சல் அதிகம் வருகிறது. நேற்று முட்டி வலி, இன்றைக்குக் கணுக்கால், நாளைக்கு முழங்கை என்று வலி இடம் மாறினால் உடனே கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஃபுட்டி (அந்த ஊர்க் கால்பந்து) விளையாடும்போது விழுந்திருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். திடீரென்று ஒரு பெண் குழந்தை பென்சிலை நழுவ விடுகிறாள், கையெழுத்து கோணலாகிறது, கை கால் தானாக வெட்டி இழுக்கிறது என்றால் அது சேட்டை இல்லை, அதே காய்ச்சல் மூளையைத் தொட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இதற்காகத் திட்டு வாங்கி மூலையில் நின்ற குழந்தைகள் உண்டு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். "இவங்க சாப்பாடே சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்தச் சாப்பாடு? மைதா, சர்க்கரை, தேயிலை மூன்றும் கிறிஸ்தவ மிஷன்களிலும் மாட்டுப் பண்ணைகளிலும் ரேஷனாகப் படி அளந்து கொடுக்கப்பட்டவை. கூலிக்குப் பதிலாகவே கொடுத்த இடங்களும் உண்டு. அவர்களுடைய சொந்தச் சாப்பாடு வேறு: கொழுப்பே இல்லாத கங்காருக் கறி, மீன், கிழங்கு, காட்டுப் பழம், எப்போதாவது தேன். 1982-ல் கெரின் ஓ'டீ என்ற விஞ்ஞானி, மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பி பக்கத்தில் நீரிழிவு இருந்த பத்துப் பூர்வகுடிப் பெரியவர்களோடு அவர்களுடைய மண்ணுக்கே போய் ஏழு வாரம் இருந்தார். வேட்டையாடியதையும் பறித்ததையும் தோண்டியதையும்தான் சாப்பிட்டார்கள். சராசரியாக எட்டு கிலோ எடை குறைந்தது, ரத்தச் சர்க்கரை நன்றாக இறங்கியது, டிரைகிளிசரைடு கொழுப்பும் குறைந்தது. சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பை விமான நிலையத்திலேயே இறக்கிவைத்துவிடுங்கள்.

அதற்காக எல்லோரும் நாளைக்கே வேட்டைக்குப் போய்விட முடியாது. வண்டி வேண்டும், பெட்ரோல் வேண்டும், துப்பாக்கி உரிமம் வேண்டும். ஊரில் ஒரே ஒரு கடை, ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் வந்த வாடின கீரை, நகரத்து விலையைவிடக் கூடுதல் விலை. நிறைய காய்கறி சாப்பிடுங்கள் என்று சொல்வதற்கு முன்னால் நீங்களே அந்தக் கடையில் ஒரு வாரச் சாமான் வாங்கிப் பாருங்கள். நான் இப்போது கேட்பது இரண்டே கேள்வி. போன வாரம் என்ன பிடித்தீர்கள்? வீட்டில் அடுப்பும் ஃபிரிட்ஜும் ஓடுகிறதா? முதல் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் வரும், கங்காரு வாலைக் கங்கில் புதைத்துச் சுட்ட கதை வரும். அந்தப் பேச்சுக்கு நடுவில்தான், டின்னில் வரும் உப்புக்கண்ட மாட்டுக்கறியில் உப்பு எவ்வளவு, கூல் டிரிங்க் பாட்டிலில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதைச் சொல்ல முடியும். தண்ணீரைக் குடி, கூல் டிரிங்கை விடு என்பது ஊரில் நல்ல குடிதண்ணீர் வந்தால்தான் அர்த்தமுள்ள பேச்சு, அதையும் பாருங்கள்.

வயதை வைத்துத் தப்புக்கணக்குப் போடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மற்றவர்களுக்கு 45 வயதில் தொடங்குகிற இதய ஆபத்துக் கணிப்பு, பூர்வகுடி மக்களுக்கு 30 வயதிலேயே தொடங்க வேண்டும். பிரஷர், சுகர், சிறுநீரகம் போன்றவற்றை 18-லிருந்தே பார்த்து வர வேண்டும். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் 715 என்ற எண்ணுக்குள் வருகிற இலவச முழு உடல் பரிசோதனை, பச்சைக் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் வருடா வருடம் கிடைக்கும். 32 வயது ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் வாயு என்று அனுப்பக் கூடாது. சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல், தாடை வலி, வயிற்றுப் பிரட்டல், வியர்வை, சொல்ல முடியாத சோர்வு என்றும் மாரடைப்பு வரும். கர்ப்பிணி மூச்சு வாங்கினால், மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று சொல்லிவிடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள், சின்ன வயதில் கெட்ட வால்வு முதன்முதலாகத் தெரியவருவது பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில்தான்.

புகை பிடிப்பீர்களா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். மத்தியப் பாலைவன ஊர்களில் மிங்குல்பா என்ற காட்டுப் புகையிலையைச் சாம்பலோடு பிசைந்து கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். வெற்றிலையோடு புகையிலை போட்ட நம் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும், அதைக் கேட்கிற குரலில் மரியாதையும் தானாக வரும்.

"சரி சரி" என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வது எங்கள் வேலையில் மிகப் பெரிய தவறு. வந்த புது ஆளை முகத்துக்கு நேராக மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை, அதனால் ஆமாம் என்பார்கள். பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது நான்காவது மொழி. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், அந்த ஊர்ச் சுகாதாரப் பணியாளரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், மௌனத்துக்கு அப்புறம்தான் பதில் வரும். 'ஷேம்' என்று அங்கே ஒரு வார்த்தை உண்டு. நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப்போவது. ஒரு பெரியவரைக் கிளினிக் வாசலில் வைத்து "ஏன் மாத்திரை போடலை?" என்று சத்தமாகக் கேட்டீர்கள் என்றால் அவர் அடுத்த ஆறு மாதம் அந்தப் பக்கம் வரமாட்டார். 1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே ஒரு மருத்துவ மையம் ஆரம்பித்ததற்கு, மற்ற இடங்களில் அவர்கள் பட்ட இந்த மாதிரி அவமானமும் ஒரு காரணம். இன்றைக்கு அப்படிப்பட்ட மையங்கள் நாடெங்கும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

கடைசியாக ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மறுபடி வராமல் தடுக்க 28 நாளுக்கு ஒருமுறை, சிலருக்கு 21 நாளுக்கு ஒருமுறை, பென்சிலின் ஊசி. குறைந்தது ஐந்து வருடம், வால்வு கெட்டிருந்தால் இன்னும் நீளும். கெட்டியான மருந்து, நல்ல வலி. பயந்த குழந்தையை நாலு பேர் பிடித்து அமுக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் அந்தக் குழந்தை கிளினிக் வண்டியைப் பார்த்ததுமே ஓடி ஒளிந்துகொள்ளும். மருந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள், தேவையென்றால் மரத்துப்போகிற மருந்து சேருங்கள், மெதுவாகச் செலுத்துங்கள், எந்தப் பக்கம் என்று குழந்தையையே முடிவு செய்ய விடுங்கள். தேதி தவறினால் அம்மாவைக் குற்றம் சொல்லாதீர்கள். வேறு ஊரில் ஒரு சாவுக்குப் போயிருப்பார்கள், அங்கே சடங்கு வாரக்கணக்கில் நடக்கும், அந்த ஊர்க் கிளினிக்குக்குப் போன் பண்ணி அங்கேயே போடச் சொல்லலாம்.

தேதியை நினைவில் வைக்கச் சில ஊர்களில் பௌர்ணமியை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இருபத்தொன்பதரை நாள், மருந்தின் காவல் அதற்கு முன்பே குறைந்துவிடும். அதனால் அந்தச் சிரங்குப் பையனின் பாட்டியிடம் (அதற்கடுத்த வருடம் அவனுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது), நிலா முழுசாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். இப்போது நிலா கொஞ்சம் குறையாக இருக்கும்போதே, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.