நல்ல துப்பாக்கிச் சுடுதளத்தை அடையாளம் காண்பது எப்படி?

மதுரையிலோ சுற்றுவட்டாரத்திலோ துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர விரும்புவோர், கட்டணத்தை விசாரிக்கும் முன், சுடும் இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும். திறந்தவெளித் தளமாயின், குண்டுகளைத் தாங்கும் மண்கரை உயரமாகவும் கற்களின்றியும் இருத்தல் அவசியம். கல்லில் பட்ட குண்டு எத்திசையில் தெறிக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது என்பதால், பின்னணியில் நாகமலை தெரிகிறதே என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. மாடும் மயிலும் நுழையாதபடி வேலி வேண்டும். ‘நிறுத்து’ என்ற குரல் கேட்டதும் அனைவரும் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார்களா என்பதைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள்.

10 மீட்டர் ஏர் ரைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) அரங்கில் வெளிச்சமே முதன்மையானது. குறியின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. அளவே ஆதலால், சர்வதேச விதிகள் குறியின் மீது குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியைக் கேட்கின்றன. சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், தடித்த சுடும் சட்டையுடன் நிற்பது தண்டனைக்குச் சமம்தான். எனினும் ஏசியைக் காட்டிலும் காற்றை வெளியேற்றும் விசிறியே எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் குண்டுகளிலிருந்து வரும் நச்சு ஈயத்தூசியை அகற்றுவது அதுவே. அதே காரணத்தால், கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம்.