அப்டேட்டுக்குப் பின் திறக்காத டெர்மினல்

லினக்ஸில் பைதான் என்ற நிரல்மொழியின் புதிய 3.11 பதிப்பை ஏற்றியதும், டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் விண்டோ) ஐகானை அழுத்தினால் வட்டம் சுற்றி அடங்கிவிட்டது, விண்டோ வரவில்லை. டெர்மினலை அழித்து மறுபடி நிறுவுவது வீண் வேலை, கோளாறு அதில் இல்லை.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். லாகின் செய்து (பாஸ்வேர்டு தட்டும்போது எதுவும் தெரியாது, அது இயல்புதான்) டெர்மினலைத் திறக்கும் கட்டளையான க்னோம்-டெர்மினலை ஓட்டியதும் குட்டு உடைந்தது: 'ஜிஐ' என்ற பைதான் மாட்யூல் (துணை நிரல்) இல்லையாம்.

என்னுடைய லினக்ஸான உபுண்டு 22.04-இல் இந்தக் கட்டளை பைதானில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்). அதற்கு வேண்டிய ஜிஐ, சிஸ்டத்தோடு வந்த பைதான் 3.10-க்காகக் கம்பைல் ஆனது. பைதான்3 என்ற சிம்லிங்க்கை (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பை) நான் 3.11 பக்கம் திருப்பியிருந்தேன். சுடோவுடன் (நிர்வாகி உரிமையோடு) அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கட்டளையை ஓட்டி, கான்ஃபிக் ஆப்ஷனில் பைதான்3 கொடுத்து, பட்டியலில் 3.10-இன் எண்ணைத் தட்டியதும் சரியானது. பட்டியலில் 3.10 இல்லையென்றால் முதலில் இன்ஸ்டால் ஆப்ஷனில் சேர்க்க வேண்டும்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரியை 3.10 என்று மாற்றினாலும் வேலை செய்யும், ஆனால் அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். புதிய பைதான் தேவைப்பட்டால் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (சிஸ்டத்தைத் தொடாத தனி இடத்தில்) வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் பைதானில் கை வைக்காதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் டெஸ்க்டாப் திரும்பிவிடும்.