சீனி வருத்தத்தோட வயலுக்குள்ள எறங்குறீங்களா? மெலியோய்டோசிஸ் பத்தி தெரிஞ்சு கொள்ளுங்க

மாரி மழை துவங்கினா படுவான்கரை பக்கமும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று பக்கமும் எல்லாரும் வட்டைக்குள்ளதான், அதால இத இப்பவே எழுதுறன். எலிக்காய்ச்சல் எண்டா இப்ப சின்னப்புள்ளைக்கும் தெரியும், ஆனா அதே சேத்துக்குள்ள இருக்கிற இன்னொரு கிருமிட பேரே நிறையப்பேருக்கு தெரியாது. வீட்டுல சீனி உள்ள ஆக்கள் வயல் செய்றாங்க எண்டா தயவுசெஞ்சு முழுசா வாசிங்க.

கிருமிட பேர் பேர்க்ஹோல்டேரியா சூடோமல்லை, அதால வாற வருத்தம்தான் மெலியோய்டோசிஸ். இலங்கையில முதல் கேஸ் 1927லயே பதிவாச்சு, நம்ம கிழக்குலயும் கேஸ் இருக்கு. மண்ணும் தண்ணியும்தான் இதுட வீடு. வெயில் காலத்துல அடிமண்ணுல கெடக்கும், மழை பேஞ்சு நீர்மட்டம் ஏறக்க மேல வரும். பித்தவெடிப்பு, சேத்துப்புண், மம்பட்டி பட்ட காயம் இதுகளால உள்ள போகும், கடும் காத்து மழையில மூச்சோடயும் போகும், கொதிக்க வைக்காத தண்ணியாலயும் போகலாம். ஒராள்ள இருந்து இன்னொராளுக்கு தொத்துறது மிச்சம் அரிது, அதால வருத்தக்காரர ஒதுக்கி வைக்காதீங்க.

நல்ல சுகமா இருக்கிற ஆளுக்குள்ள போனா பெரும்பாலும் ஒண்டும் நடக்காது. சீனி, நாட்பட்ட கிட்னி வருத்தம், தலசீமியா (பரம்பரையா வாற ரத்த வருத்தம்), மிஞ்சின குடி, ஸ்டீரொயிட் மருந்து, இப்பிடி எதிர்ப்பு சக்தி கொறைஞ்ச ஆளத்தான் இது போட்டு அடிக்கும், அதுல முதலிடம் சீனிக்குத்தான். கிருமி வந்தா வெள்ளை அணுக்கள் விழுங்கி ஒரு பைக்குள்ள போட்டு கொல்லணும், ரத்தத்துல சீனி கூடினா அந்த அணுக்கள் மந்தமாயிடும். இந்த கிருமி அந்த பையையே கிழிச்சு வெளிய வந்து, செல்லுக்குள்ள இருக்கிற அக்டின் எண்ட புரதத்த எடுத்து தனக்கு ஒரு வால் மாதிரி கட்டி, அத வெச்சு உந்தி பக்கத்து செல்லுக்குள்ள பூந்துடும், அதோட நிக்காம செல்லுகள ஒண்டோட ஒண்டு ஒட்டவெச்சு பெரிய செல்லாக்கிடும். ரோட்டுக்கே வராம சுவர இடிச்சு இடிச்சு அடுத்த வீட்டுக்கு போற கள்ளன் மாதிரி, ரத்தத்துல காவல் நிக்கிற எதிர்ப்புப் பொருளுக்கு அம்புடாது. அதாலதான் ஈரல், மண்ணீரல், நுரையீரல், மூட்டு, ஆம்புளையளுக்கு புரொஸ்டேட் எண்டு உள்ளுக்குள்ள சீழ் கட்டுறது. சிலருக்கு ரெண்டு மூணு கிழமைக்குள்ள காய்ச்சல் வரும், சிலருக்கு வருசக்கணக்கா ஒளிச்சிருந்து பிறகு கெளம்பும்.

இனி செய்ய வேண்டியது. காலுல தொறந்த புண் இருந்தா அது ஆறும் மட்டும் சேத்துக்குள்ள எறங்காதீங்க, கூலிக்கு ஆள் புடிக்க காசு போனாலும் பரவாயில்ல. எறங்கித்தான் ஆகணும் எண்டா முழங்கால் மட்டும் வாற றப்பர் பூட்ஸ், கையுறை. சேத்துல பூட்ஸோட நடக்க கஷ்டம்தான், தெரியும், ஆனாலும் சீனி உள்ளவங்க கழட்டாதீங்க. வேலை முடிஞ்ச ஒடன சவுக்காரம் போட்டு நல்ல தண்ணியில கழுவி விரல் இடுக்கெல்லாம் பாருங்க, சீனியால காலு மரத்துப்போன ஆளுக்கு முள்ளு குத்தினதே தெரியாது, அதால பொஞ்சாதி புள்ளையள பாக்கச் சொல்லுங்க. குடிக்கிற தண்ணிய கொதிக்க வைங்க. எலிக்காய்ச்சலுக்கு தாற குளிசைய குடிச்சிட்டம்தானே எண்டு இதுக்கும் நம்பி இருக்காதீங்க. தடுப்பூசியும் இல்ல.

காய்ச்சல் ரெண்டு நாளைக்கு மேல நிண்டா, இல்லாட்டி இருமல், மூச்செடுக்க கஷ்டம், ஆறாத புண், சீழ்க்கட்டி எண்டா ஃபாமசியில மருந்து வாங்கி போட்டுட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு போங்க. போய் "எனக்கு சீனி இருக்கு, நான் வயல் செய்றன்" எண்டு ரெண்டையும் சேத்து சொல்லுங்க, இந்த ஒரு வசனம்தான் மிச்சம் முக்கியம், ஏனெண்டா எக்ஸ்ரேயில இது காசநோய் மாதிரியே தெரியலாம். "மெலியோய்டோசிஸா இருக்குமோ, பிளட் கல்ச்சர் எடுப்பமா டொக்டர்" எண்டு கேக்க வெக்கப்படாதீங்க. ரத்தத்த எடுத்து அதுல கிருமி வளருதா எண்டு பாக்கிறதுதான் இந்த கல்ச்சர், வளர ரெண்டு நாளுக்கு மேல எடுக்கும், வேற கிருமி எண்டு மாறி நெனைக்கவும் இடமிருக்கு, அதால சந்தேகத்த லேபுக்கும் சொல்லி விடுறது நல்லம்.

மருந்து ரெண்டு கட்டம். பென்சிலின், ஜென்டமைசின் எல்லாம் இதுக்கு வேலை செய்யாது. முதல்ல செஃப்டசிடிம் இல்லாட்டி மெரோபெனம் ஊசி, கொறைஞ்சது 10 தொடக்கம் 14 நாள், சீழ் கெடந்த இடத்த பொறுத்து இன்னும் கூடும். அதுக்கு பிறகு கோட்ரைமொக்சசோல் குளிசை, 3 தொடக்கம் 6 மாசம். இங்கதான் நம்ம ஆக்கள் விடுறது, காய்ச்சல் போய் சாப்பாடு எறங்கத் துவங்கினா குளிசைய மூலையில வெச்சிடுவாங்க, செல்லுக்குள்ள ஒளிச்சிருக்கிற மிச்சம் திரும்ப கெளம்பும். கிளினிக் திகதிய விடாதீங்க, சீனிய கட்டுப்பாட்டுல வைங்க, குளிசை குடிக்கக்க தோல்ல தடிப்போ வாய்க்குள்ள புண்ணோ வந்தா அடுத்த கிளினிக் மட்டும் பாத்திருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு போய் காட்டுங்க, மாத்து மருந்து இருக்கு.