ஸ்விட்சில் இன்டு தி பிரீச்: முதல் தீவைக் காப்பாற்றுவது எப்படி

நின்டெண்டோ ஸ்விட்ச் கையில் இருக்கிறது, பெரிய கேம் வாங்க மனசு வரவில்லை, எண்பது மணி நேரம் இழுக்கிற கதைக்கு நேரமும் இல்லை, ஆனால் மூளையைக் கசக்கி ஆட ஒரு டாக்டிகல் கேம் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இன்டு தி பிரீச்தான். டவுன்லோட் செய்து ஆடுகிற கேம், விலையும் குறைவு. ஒரு சண்டை சீக்கிரமே முடிந்துவிடும். நடுவில் வேலை வந்தால் ஸ்விட்சை ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். எஃப்டிஎல் என்ற விண்கப்பல் கேமைச் செய்த சப்செட் கேம்ஸ் என்ற சின்னக் குழுதான் இதையும் செய்தது. 2018 பிப்ரவரியில் கணினிக்கு வந்தது, அதே வருஷம் ஆகஸ்டில் ஸ்விட்சுக்கு வந்தது. 2022 ஜூலையில் அட்வான்ஸ்டு எடிஷன் என்று புது ஸ்குவாட் (நாம் ஆடுகிற ரோபோ அணி), புது ஆயுதம், புது எதிரி எல்லாம் சேர்த்து இலவச அப்டேட்டாகவே கொடுத்துவிட்டார்கள்.

இதை வாங்கி ஒரு மணி நேரத்தில் மூடி வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மற்ற டாக்டிகல் ஆர்பிஜி, அதாவது ஆட்களை லெவல் ஏற்றி வளர்க்கிற கேம்கள், ஆடிய பழக்கத்தில் எதிரியின் உயிரைக் குறைப்பதிலேயே கண்ணாக இருக்கிறார்கள், தன் ஆட்கள் அடி வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்குள் பின்னால் இருக்கிற ஊர் இடிந்துபோய் ஆட்டம் முடிந்துவிடுகிறது. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஆடினேன், சண்டைகள் தீவு தீவாக நடக்கிற இந்த ஆட்டத்தில் முதல் தீவையே தாண்ட முடியவில்லை.

அதனால் முதலில் எது தோல்வி என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பலகை 8க்கு 8, செஸ் பலகை அளவுதான். உங்களிடம் மூன்று மெக், அதாவது ராட்சத ரோபோ. எதிரிகள் வெக் என்ற ராட்சதப் பூச்சிகள், மண்ணுக்கு அடியிலிருந்து வருகின்றன. பலகையில் மக்கள் இருக்கிற கட்டடங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் அடி வாங்கும்போது திரையின் மேலே இருக்கிற பவர் கிரிட், அதாவது ஊரின் உயிர் அளவு, குறையும். கிரிட்டின் உச்சம் 7. அது பூஜ்யமானால் எல்லாம் முடிந்தது, மூன்று மெக்கும் முழு உயிரோடு நின்றாலும் பிரயோஜனம் இல்லை. கிரிட் அடுத்த சண்டைக்கும் அப்படியே தொடரும், இந்தச் சண்டையில் போன புள்ளி போனதுதான், பரிசாகச் சம்பாதித்தால்தான் திரும்ப வரும். மெக்கின் உயிரோ ஒவ்வொரு சண்டை முடிந்ததும் தானாக முழுசாகிவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டடத்துக்கு வருகிற ஒரு அடியை மெக்கை நடுவில் நிறுத்தி வாங்கிக்கொண்டால் அது லாபம். மெக் சாகாத வரை அடி வாங்கட்டும். ஒரு மெக் விழுந்தால் அதில் இருக்கிற பைலட் செத்துவிடுவார், அது வேறு கணக்கு, பிறகு வருகிறேன்.

அடுத்தது, இந்த ஆட்டத்தில் எதிரி எதையும் மறைப்பதில்லை. வெக் வந்து நின்று, எதை அடிக்கப் போகிறது என்று காட்டிவிட்டுத்தான் உங்கள் டர்ன், அதாவது உங்கள் முறை, வரும். நீங்கள் ஆடி முடித்த பிறகே அந்த அடி விழும். குறி தவறுவது, அடி படுமா படாதா என்ற சதவீதம், அதெல்லாம் உங்கள் ஆயுதத்துக்கும் கிடையாது, எதிரிக்கும் கிடையாது. கட்டடம் அடி வாங்கும்போது மட்டும் கிரிட் தாங்கிக்கொள்ள 15 சதவீத வாய்ப்பு ஆரம்பத்தில் இருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சரி, உங்கள் டர்ன் வந்துவிட்டது. உடனே மெக்கைத் தொடாதீர்கள். முதலில் ஒவ்வொரு வெக் மேலும் கர்சரை வைத்து அது எந்தக் கட்டத்தை அடிக்கப் போகிறது, எத்தனை புள்ளி அடி என்று பாருங்கள். அப்புறம் எந்த வரிசையில் அடிக்கப் போகின்றன என்பதைக் காட்டுகிற வசதி இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், பாதி விடை அங்கேதான் இருக்கும். கடைசியாகத் தரை குலுங்குகிற கட்டங்களைப் பாருங்கள், அடுத்த வெக் அங்கேதான் முளைக்கும். இத்தனையும் பார்த்த பிறகு, கட்டடத்தை நோக்கி எத்தனை அடி வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள். மெக்கை நோக்கி வருவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். கட்டடத்துக்கு வருகிற அடிகளைத் திருப்பிவிட மூன்று மெக்கும் என்ன செய்யலாம் என்பதுதான் ஒவ்வொரு டர்னிலும் உங்கள் புதிர்.

திருப்பிவிடுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெக்கின் குறி அது நிற்கிற இடத்தோடு ஒட்டியது. வலது பக்கம் சுடப் போகிற வெக்கை ஒரு கட்டம் கீழே தள்ளினால், அது கீழ் வரிசையில் நின்று அதே வலது பக்கம்தான் சுடும். எதிரில் யார் இருந்தாலும் அடி விழும், இன்னொரு வெக் இருந்தால் அதற்கும். உங்கள் முதல் ஸ்குவாடான ரிஃப்ட் வாக்கர்ஸில் மூன்று ஆயுதமும் தள்ளுகிற ஆயுதங்கள்தான். காம்பட் மெக்கின் குத்து 2 புள்ளி அடித்துத் தள்ளும், கேனன் மெக்கின் குண்டு நேர்கோட்டில் போய் 1 புள்ளி அடித்துத் தள்ளும். ஆர்ட்டிலரி மெக் தூரத்தில் ஒரு கட்டத்தில் 1 புள்ளி அடிக்கும், ஆனால் அந்தக் கட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் இருப்பவர்களை வெளியே தள்ளும்.

ஒரு டர்னைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஃபயர்ஃபிளை என்ற சுடுகிற வெக் ஒன்று, உயிர் 3, வலது பக்கம் பார்த்து நிற்கிறது, மூன்று கட்டம் தள்ளி ஒரு கட்டடம், அதைச் சுடப் போகிறது. அதற்குக் கீழ் வரிசையில், ஒரு கட்டம் வலது பக்கமாக ஹார்னெட் என்ற கொட்டுகிற வெக் ஒன்று, உயிர் 2, தனக்கு நேர் கீழே இருக்கிற இன்னொரு கட்டடத்தைக் கொட்டப் போகிறது. அடிக்கிற வரிசையில் ஃபயர்ஃபிளை முதல், ஹார்னெட் இரண்டாவது. காம்பட் மெக் தூரத்தில் இருக்கிறது, ஓடி வந்தாலும் இரண்டையும் எட்டாது. ஆக இரண்டு கட்டடம், இரண்டு மெக், கையில் மொத்தம் 2 புள்ளி அடிதான். ஃபயர்ஃபிளையைக் கொல்ல முடியாது. இரண்டு புள்ளியையும் ஹார்னெட் மேல் செலவு செய்தால் ஃபயர்ஃபிளை சுட்டுவிடும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் ஆர்ட்டிலரியை ஹார்னெட் மேல் போடுங்கள், அதன் உயிர் 1 ஆகும். சுற்றித் தள்ளுகிற காற்றால் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது, கட்டடம் நகராது. அப்புறம் கேனன் மெக்கை ஃபயர்ஃபிளைக்கு நேர் மேலே ஏதாவது ஒரு கட்டத்துக்குக் கொண்டுபோய்க் கீழ்நோக்கிச் சுடுங்கள். ஃபயர்ஃபிளை ஒரு கட்டம் கீழே போகும், இப்போது அதன் வலது பக்கத்தில் ஒட்டி நிற்பது ஹார்னெட். டர்னை முடித்தால் ஃபயர்ஃபிளை முதலில் சுடும், ஹார்னெட் செத்துவிடும், கொட்டுவதற்கு அது உயிரோடு இருக்காது. இரண்டு கட்டடமும் தப்பித்தன. சும்மா இருக்கிற காம்பட் மெக்கைத் தரை குலுங்குகிற ஒரு கட்டத்தின் மேல் நிறுத்திவிடுங்கள், 1 புள்ளி அடி வாங்கும், ஆனால் அந்த வெக் இந்த டர்னில் வெளியே வராது. எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது கிட்டத்தட்ட இப்படி ஒரு டர்னில்தான். அதே டர்னில் வரிசை மாறி ஹார்னெட் முதலில் அடிப்பதாக இருந்தால் இந்தத் திட்டம் தோற்றிருக்கும், அதற்காகத்தான் வரிசையைப் பார்க்கச் சொன்னேன்.

முளைக்கிற கட்டத்தை அடைப்பதற்கு மெக்தான் வேண்டும் என்று இல்லை. ஒரு வெக்கையே அதன் மேல் தள்ளிவிட்டால் அடி அதற்கு விழும், புதிய வெக்கும் தடைபடும், இரட்டை லாபம். ஆனால் கடைசி டர்னில் இதற்கு மெனக்கெட வேண்டாம். பெரும்பாலான சண்டைகள் ஐந்து டர்ன் போல ஓடும், எண்ணிக்கை முடிந்ததும் மிச்சம் இருக்கிற வெக் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். கடைசி டர்னில் முளைக்கப் போவதைப் பற்றிக் கவலை இல்லை, அன்றைக்கு விழுகிற அடிகளை மட்டும் பார்த்தால் போதும். எல்லா வெக்கையும் கொன்றால்தான் ஜெயிப்போம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம்.

தள்ளும்போது மோதல் கணக்கு ஒன்று உண்டு. தள்ளப்பட்டது இன்னொருவர் மேல் மோதினால் இருவருக்கும் 1 புள்ளி அடி. மலையில் மோதினாலும் அப்படித்தான். கட்டடத்தில் மோதினால் கட்டடத்துக்கும் அடி, கிரிட் போகும், அவசரத்தில் இதை மறந்து தன் கையாலேயே ஊரை இடிப்பது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. தண்ணீரில் தள்ளினால் பறக்காத சாதாரண வெக் உடனே செத்துவிடும், உயிர் எத்தனை மிச்சம் இருந்தாலும் சரி. மெக் தண்ணீரில் நிற்கும், ஆனால் அங்கிருந்து சுட முடியாது. பள்ளம் அப்படியல்ல, பறக்காத மெக்கும் விழுந்தால் போச்சு. காட்டில் அடி விழுந்தால் தீப்பிடிக்கும். எரிகிற வெக்குக்கு ஒவ்வொரு டர்னும் 1 புள்ளி குறையும், அந்தத் தீ வெக் அடிப்பதற்கு முன்பே வேலை செய்துவிடும். உயிர் 1 மட்டும் இருக்கிற வெக் எரிந்துகொண்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், தானாகச் சாகும். மணலில் அடி விழுந்தால் புகை கிளம்பும், புகைக்குள் நிற்பவர் யாராக இருந்தாலும் அடிக்க முடியாது. பெரிய வெக் ஒன்றைப் புகைக்குள் தள்ளிவிட்டால் அந்த டர்னுக்கு அதன் கதை முடிந்தது. ஆசிட் பட்டவருக்கு அடி இரட்டிப்பாகும், பனியில் உறைந்தவரால் எதுவும் செய்ய முடியாது, ஆனால் முதல் அடி பனியை மட்டும்தான் உடைக்கும்.

தப்பு நடந்தால் திருத்த இரண்டு வழி இருக்கிறது. மெக்கை நகர்த்திவிட்டு இன்னும் எதுவும் செய்யவில்லை என்றால் அந்த நகர்வை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் சும்மா நகர்த்தி நகர்த்திப் பாருங்கள், ஆயுதத்தைக் குறி வைத்தால் என்ன நடக்கும் என்பதைப் பலகையிலேயே காட்டும். சுட்ட பிறகு தப்பு தெரிந்தால் டர்னை முழுசாக முதலிலிருந்து ஆடலாம், ஆனால் ஒரு சண்டைக்கு ஒரு தடவைதான். முதல் டர்னிலேயே அதைச் செலவழிக்காதீர்கள். ஒரு புள்ளிதானே போகிறது என்றால் விட்டுவிட்டு, மூன்றாவது நான்காவது டர்னுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் அதிகமாகிற இடம் அதுதான்.

ஆர்பிஜி பக்கம் சின்னது, ஆனால் கவனிக்க வேண்டியது. பைலட் வெக்கைக் கொன்றால் அனுபவப் புள்ளி ஏறும், லெவல் ஏறினால் கூடுதல் உயிர், கூடுதல் நகர்வு மாதிரி ஏதாவது ஒன்று கிடைக்கும். அதனால் கடைசி அடியை எந்த பைலட் கையால் கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். பைலட் செத்தால் மெக் அடுத்த சண்டைக்கு வரும், ஆனால் கம்ப்யூட்டர் ஓட்டும், அது லெவலே ஏறாது. சில சண்டைகளில் வானத்திலிருந்து டைம் பாட் ஒன்று விழும். அதன் மேல் மெக்கை நிறுத்தினால் எடுத்துக்கொள்ளலாம், கடைசி வரை உடையாமல் இருந்தாலும் உங்களுக்குத்தான், வெக் மிதித்தால் போய்விடும். அதில் மெக்கையும் ஆயுதத்தையும் மேம்படுத்த உதவுகிற ரியாக்டர் கோர் கிடைக்கும் என்பதால் கொஞ்சம் சிரமப்பட்டாவது காப்பாற்றுங்கள். முதல் கோரை நான் ஆர்ட்டிலரியில்தான் போடுவேன், ஒரே ஒரு கோரில் அதன் குண்டு கட்டடத்தைப் பாதிக்காத மாதிரி மாற்றலாம். அப்புறம் கட்டடத்தின் மேலேயே குறி வைத்து, சுற்றி நிற்கிற நான்கு வெக்கையும் ஒரே குண்டில் விலக்கிவிடலாம், முதல் தீவில் இதைவிட உபயோகமான மேம்பாடு எனக்குத் தெரியாது.

தீவை முடித்ததும், சண்டைகளில் பரிசாகச் சம்பாதித்த நல்ல பெயருக்கான புள்ளிகளைச் செலவழிக்கக் கடை வரும். ஒரு கிரிட் புள்ளிக்கு 1, ஒரு கோருக்கு 3. கிரிட் 4க்குக் கீழே இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள், இல்லை என்றால் கோர்தான். புதிய ஆயுதங்கள் கண்ணைப் பறிக்கும், ஆனால் கோர் இல்லாமல் வாங்கி வைத்தால் பல ஆயுதங்கள் சும்மாதான் கிடக்கும்.

சண்டையைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசாகக் கிரிட் தருகிற இடங்களை முதல் தீவில் தேடிப் போங்கள். ரயிலைக் காப்பாற்றுகிற சண்டை கொஞ்சம் கடினம், ரயில் ஒவ்வொரு டர்னும் முன்னால் நகரும், தண்டவாளத்தில் எதுவும் நிற்காமலும் பார்க்க வேண்டும், பழகிய பிறகு எடுங்கள். ஈஸியில் ஆரம்பிப்பதில் ஒரு குறையும் இல்லை, எதிரி எண்ணிக்கை குறைவாக இருப்பதால் பலகையை நிதானமாகப் படிக்கப் பழகலாம். மொத்தம் நான்கு தீவு, ஆனால் இரண்டு முடித்தாலே கடைசிச் சண்டைக்குப் போகலாம். எத்தனை தீவு முடித்தீர்களோ அதற்கு ஏற்ற மாதிரிதான் அதுவும் கடினமாகும், அதனால் முதல் தடவை இரண்டோடு போய்விடுங்கள்.

தோற்றாலும் உயிரோடு இருக்கிற ஒரு பைலட்டைத் தேர்ந்தெடுத்து அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பலாம், ஏறிய லெவலோடு வருவார். தோற்கப் போகிறது என்று கடைசி டர்னில் தெரிந்துவிட்டால், மற்றதை விட்டுவிட்டு லெவல் அதிகம் ஏறிய பைலட்டின் மெக்கை அடி விழாத கட்டத்துக்கு நகர்த்துங்கள்.