ரிவால்வர் பிடி ஆர்டர் செய்யும் முன் ஒரு பென்சில் கோடு

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு, அதாவது ஒவ்வொரு முறை சுடுமுன்னும் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டிய துப்பாக்கிக்கு, தனியாகப் பிடி செய்யச் சொல்கிறீர்களா? மாடல் பெயரை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். பழைய பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தை வெள்ளைத்தாளில் வைத்துக் கூரான பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தத் தாளையே அனுப்புங்கள். திருகு எங்கே வருகிறது, அடியில் உள்ள சின்ன முளை எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துவிடுங்கள்.

ஒரே பெயருக்குள் சட்டம் மாறியிருப்பதுதான் காரணம். 1955-இல் வந்த, ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹாக் ரிவால்வரின் சட்டத்துக்கு எக்ஸ்ஆர்3 (XR3) என்று பெயர். 1963 வாக்கில் அது மாறி எக்ஸ்ஆர்3-ரெட் (XR3-RED) ஆனது. ஒன்றின் பிடி மற்றதற்குச் சரியாக உட்காராது. எந்த வகை என்பது பெரும்பாலும் பிடியின் பலகை மூடியிருக்கும் இடத்தில், சட்டத்திலேயே பொறித்திருக்கும். பழைய துப்பாக்கி வாங்கப் போகிறவர்களும் விலை பேசுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கழற்றுமுன் தோட்டா அறைகள் எல்லாமே காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் திருகை நாலு சுற்று தளர்த்தி, அதன் தலையை மெல்ல அழுத்தினால், இரண்டு பலகையாக வரும் பிடியில் எதிர்ப்பக்கப் பலகை தானே எழும்பும். ஓரத்தில் நெம்பினால் மரம் சிதறும், பாவம்.

கோல்ட் நிறுவனத்தின் 1873 ரிவால்வரின் பழைய பாணியில் ஒரே துண்டாக வரும் மரப்பிடிக்கு இந்த வரைபடம் போதாது. அதைச் சட்டத்தோடு சேர்த்து வைத்து, இழைத்து இழைத்துத்தான் பொருத்த வேண்டும்.