ஃப்ரிட்ஜ் எழுப்பும் ஒலிகள்: எது இயல்பு, எது கோளாறு?

இரவில் வீடு அடங்கிய பிறகு ஃப்ரிட்ஜிலிருந்து வரும் 'களக் களக்' என்ற ஓசையைக் கேட்டு, தண்ணீர் எங்கோ கசிகிறதோ என்று பலர் கவலைப்படுவதுண்டு. கம்ப்ரசர் நின்றதும், குழாய்களுக்குள் அழுத்தம் சமநிலைக்கு வரும்போது, குளிரூட்டும் திரவமும் வாயுவும் நகர்வதால் எழும் ஒலி அது. அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. திடீரென்று கேட்கும் 'டக்' என்ற வெடிப்பொலி, வெப்பநிலை மாறும்போது உள்ளிருக்கும் பிளாஸ்டிக் சுவர்கள் சுருங்கி விரிவதால் உண்டாவது. தானாகப் பனி நீக்கும் வகை ஃப்ரிட்ஜ்களில், உருகும் பனித்துளி சூடான ஹீட்டர் மீது விழும்போது, தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போன்ற 'சுர்' ஒலியும் கேட்கும்.

அதிர்வொலிக்குப் பெரும்பாலும் மெக்கானிக் தேவைப்படுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கையை அழுத்திப் பாருங்கள். ஒலி அடங்கினால், அது சுவரில் உரசுகிறது அல்லது அதன் கால்கள் சமமாக இல்லை என்று பொருள். மேலே வைத்த பாத்திரமோ உள்ளே ஒன்றோடொன்று மோதும் புட்டிகளோ காரணமாக இருப்பதும் உண்டு (என் அனுபவத்தில் இதுவே அதிகம்).

ஆனால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'கிளிக்' என்ற ஒலி மட்டும் வந்து, கம்ப்ரசர் ஓடாமல், குளிர்ச்சியும் குறைந்தால், கம்ப்ரசரைத் தொடங்கிவைக்கும் ரிலே என்ற சிறிய மின் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். மின்னழுத்தக் குறைவும் காரணமாகலாம். அந்நிலையில் இணைப்பைத் துண்டித்துவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே சரி. ஃப்ரீசருக்குள் கரகரவென்று உரசும் ஒலி வந்தால், மின்விசிறி இறக்கையில் பனிக்கட்டி தட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பனியைக் கத்தியால் சுரண்டாதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும்.