பந்தயக் குதிரையின் கேனன் எலும்பு முறிவு: நொண்டலைக் கண்டது முதல் திருகு பூட்டும் வரை

குதிரை நொண்டுகிறது என்றதும் லாயத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தோளைத்தான் காட்டுவார்கள். ஆனால் நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன; பந்தயக் குதிரையின் முன்னங்கால் நொண்டலுக்குக் காரணம் பெரும்பாலும் முட்டியிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். ஆகவே பரிசோதனையைக் குளம்பில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வதே முறை. இங்கே விளக்கப்படுவது ஒரே ஒரு முறிவு: முட்டிக்குக் கீழே நீளும் கேனன் எலும்பின் கீழ்முனையில், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டுக்குள் அமர்ந்திருக்கும் இரு குமிழ்களில் ஒன்று, பெரும்பாலும் வெளிப்புறக் குமிழ், நெடுக்காகப் பிளந்துகொள்வது. கால் தவறி வைத்ததால் ஒரே நொடியில் நேர்வதாக இது தோன்றினாலும், மாதக்கணக்கான வேக ஓட்டத்தில் அந்த இடத்து எலும்பு இறுகி, நுண்விரிசல்கள் சேர்ந்து, கடைசியில் ஒருநாள் பிளந்து நிற்பதே வழக்கம்.

சாதாரண நொண்டலை, கெட்டியான தரையில் தளர்ந்த கயிற்றில் நேர்கோட்டில் ட்ராட் (மிதவேகத் துள்ளோட்டம்) ஓட்டிப் பார்க்கவேண்டும். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். கண்ணை மூடிக்கொண்டு குளம்போசையைக் கேட்டாலும், வலிக்கும் காலின் ஓசை மெலிந்து ஒலிப்பது தெரியும். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் 0 முதல் 5 வரையிலான அளவுகோலில் நொண்டலின் கடுமையைக் குறித்து வைத்தால் அடுத்த நாள் ஒப்பிட முடியும்.

ஆனால் வேக ஓட்டம் முடிந்து திரும்பும் வழியிலோ, அன்று மாலை லாயத்திலோ திடீரென நொண்டத் தொடங்கிய குதிரையை ஓட்டிப் பார்க்கக் கூடாது. விரிசல் முழுமையடையாதபோது நொண்டல் முதலில் லேசாகவே இருந்து, சில மணி நேரத்தில் கடுமையாவதுண்டு. குளம்பின் சூட்டையும், ஃபெட்லாக்குக்குப் பின்புறம் விரலடியில் தட்டுப்படும் நாடித் துடிப்பையும் பார்த்த பிறகு, மூட்டின் பக்கவாட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பாருங்கள். நீர் கோத்து மெத்தென்றிருந்து, மூட்டை மெல்ல மடக்கியதும் குதிரை காலை இழுத்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வலியின் இடத்தை அறிய நரம்பை மரக்கச் செய்யும் ஊசி நல்ல கருவிதான். குளம்பிலிருந்து படிப்படியாக மேலே போட்டு, எந்த ஊசியில் நொண்டல் மறைகிறது என்று பார்க்கிறோம். ஆயினும் முறிவு இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், எக்ஸ்-ரே எடுக்காமல் அந்த ஊசியைத் தொடக்கூடாது. வலி மறைந்த குதிரை முழு எடையையும் காலில் இறக்கும். முடி போன்ற விரிசல் அந்த நேரத்தில் இரண்டு துண்டாகிவிடும்.

எக்ஸ்-ரேயில் நேர், பக்கவாட்டு, இரு சாய்வுக் கோணங்கள் என்ற வழக்கமான நான்கு படங்களோடு, மூட்டை மடக்கி வைத்து முன்பின்னாக எடுக்கும் படமும் கட்டாயம் வேண்டும். குமிழின் பின்பகுதியில் தொடங்கும் கோடு பல சமயம் அதில் மட்டுமே தெரியும். படம் சுத்தமாக இருந்தும் ஐயம் தீராவிட்டால், குதிரையை லாயத்திலேயே நிறுத்தி 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் எடுக்கலாம். அதற்குள் விளிம்பு எலும்பு கரைந்து கோடு அகலமாகியிருக்கும். கோடு எதுவரை ஏறுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். உட்புறக் குமிழின் முறிவு தண்டெலும்பில் சுருளாக ஏறும் இயல்புடையது. அதைக் கீழே சொல்லும் எளிய முறையில் கையாள முடியாது.

மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமுன் பஞ்சு பல அடுக்குகளாகச் சுற்றி இறுக்கி, வெளிப்புறமும் பின்புறமும் மட்டை வைத்துக் கட்டவேண்டும். முறிந்தது முன்னங்கால் என்பதால், வண்டியில் குதிரை பின்னோக்கி நிற்கட்டும். பிரேக் போடும்போது எடை பின்னங்கால்களில் விழும்.

அறுவையின் தத்துவம் தச்சுப்பட்டறையில் இரு பலகைகளைத் திருகால் நெருக்குவதே. வெளிப்புறத் துண்டில் 4.5 மில்லிமீட்டர் துளையிடுகிறோம், 4.5 மில்லிமீட்டர் திருகின் மரை அங்கே பிடிக்காமல் வழுக்கிச் செல்லும். அதே நேர்கோட்டில் அப்பாலுள்ள தாய் எலும்பில் 3.2 மில்லிமீட்டர் துளையிட்டு மரை வெட்டுகிறோம். திருகு அங்கேதான் கவ்வும். தலை இறுக இறுகத் துண்டு தாய் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முதல் திருகு, பக்கத் தசைநார் பற்றியிருக்கும் குழியின் நடுவில், மூட்டுப் பரப்புக்கு இணையாகச் செல்லவேண்டும். மற்றவை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலே. பெரிதாகக் கீற வேண்டியதில்லை, திருகு ஒவ்வொன்றுக்கும் சிறு கீறல் போதும். துண்டு விலகியிருந்தால் ஆர்த்ரோஸ்கோப் (மூட்டுக்குள் பார்க்கும் குழாய்க் கருவி) வழியாகக் குருத்தெலும்பின் படிபோன்ற மேடுபள்ளம் சமமாகியதா என்று பார்த்த பிறகே இறுக்கவேண்டும். எக்ஸ்-ரேயில் கோடு மறைந்தது மட்டும் போதாது. விலகாத முறிவைப் பொறுத்தவரை, மயக்கமின்றித் தூக்க மருந்து கொடுத்து, காலை மரக்கச் செய்து, நின்ற நிலையிலேயே திருகு பூட்டுவதும் இப்போது பரவலாகியிருக்கிறது.

முழு மயக்கம் கொடுத்திருந்தால், என் கருத்தில் அறுவையைவிட அஞ்சவேண்டிய நேரம் குதிரை எழுந்து நிற்கும் சில நிமிடங்கள். 450 கிலோ உடல் பதறித் துள்ளும்போது திருகும் தாங்காது, எலும்பும் தாங்காது. மெத்தையிட்ட அறை, தலைக்கும் வாலுக்கும் கயிறு, காலுக்கு மாவுக்கட்டு ஆகிய மூன்றும் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும்.

பிறகு சில வாரங்கள் லாயத்திலேயே ஓய்வு, படம் பார்த்துக் கையில் பிடித்து நடத்தல், சுமார் நான்கு மாதத்தில் படிப்படியாகப் பயிற்சி என்பது விலகாத முறிவின் பொதுவான போக்கு. அந்த வாரங்களில் தினமும் தொட்டுப் பார்க்கவேண்டியது மறுபக்கத்துக் காலின் குளம்பை. 2006-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு, அதே ஆண்டு மே 20 அன்று வலது பின்னங்கால் முறிந்தது. பிளேட்டும் 27 திருகுகளும் வைத்துச் சரிசெய்தார்கள். கூடுதல் எடை சுமந்த இடது பின்னங்குளம்பில் லாமினைட்டிஸ் (குளம்பின் உள்திசு அழற்சி) வந்தது. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக் கொலை செய்ய நேர்ந்தது. அறுவை செய்த காலில் குதிரை திடீரென்று நன்றாக எடை வைக்கத் தொடங்கினால், மறு காலின் வலி காரணமா என்று பார்க்க முதலில் அதன் நாடியைப் பிடியுங்கள்.